எல்லை கடக்கும் மருந்துப் பை
மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் முன்கூட்டி அறிய வேண்டியவை

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் நோயாளிகளும் உறவினர்களும் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே தன்மையின. எதை உண்ணலாம், எப்போது குளிக்கலாம், மறுபடி எந்த நாளில் வர வேண்டும் என்பவை அவற்றுள் முதன்மையானவை. “இந்த மருந்துகளை எங்கள் ஊருக்குக் கொண்டு செல்வதில் தடை ஏதும் உண்டா?” என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆயினும் நம் மருத்துவமனைக்கு வருவோரில் பலர் புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய அண்டைப் பகுதிகளிலிருந்தும், மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் போன்ற தொலைவான மாநிலங்களிலிருந்தும் வருகின்றனர். தமிழ்நாட்டிலேயே வாழ்வோரும் பெங்களூரிலுள்ள மகன் வீட்டிற்கும், மும்பையிலுள்ள மகள் வீட்டிற்கும், காசி, கயை யாத்திரைக்கும் மருந்துப் பையுடன் புறப்படுகின்றனர். வாளையாறு, அத்திப்பள்ளி, களியக்காவிளை, கோரிமேடு என்று எந்த வழியாக எல்லையைக் கடந்தாலும், பையில் இருப்பவை குறித்த விதிகளை முன்னரே அறிந்திருப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

இதனை அச்சுறுத்துவதற்காக எழுதவில்லை. விதியை அறியாதவர் இருவகைத் தவறுகளில் ஒன்றைச் செய்வதை நாங்கள் தொடர்ந்து காண்கிறோம். சிலர் கொண்டு செல்லக் கூடாததைக் கொண்டு சென்று இடர்ப்படுகின்றனர். வேறு சிலர், கொண்டு செல்ல முழு உரிமையுள்ள மருந்தை அச்சத்தால் விட்டுச் செல்கின்றனர். எங்கள் அனுபவத்தில், நோயாளியை அதிகம் துன்புறுத்துவது இந்த இரண்டாவது தவறே.

சட்டம் எங்கே ஒன்று, எங்கே வேறு

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம், 1940 என்பது மத்தியச் சட்டம். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றுக்கான வழக்கமான மாத்திரைகளை, மருந்துச்சீட்டின்படி உங்கள் சொந்தப் பயன்பாட்டிற்காக எம்மாநிலத்திற்கும் எடுத்துச் செல்லலாம். புற்றுநோய்க்கு வீட்டில் உட்கொள்ளும் பெரும்பாலான மாத்திரைகளுக்கும் இது பொருந்தும்.

தனிக் கவனம் தேவைப்படுவன, போதைப்பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985 என்னும் சட்டத்தின் வரம்பிற்குள் வரும் மருந்துகள். இதுவும் மத்தியச் சட்டமே. உங்கள் கையிலுள்ள மாத்திரை இவ்வகையைச் சேர்ந்ததா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. மருந்து அட்டையின் இடப்பக்க மேல் மூலையைப் பாருங்கள். வழக்கமான ‘ஆர்எக்ஸ்’ குறிக்கு முன்னால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்துச் சேர்ந்து, ‘என்ஆர்எக்ஸ்’ என்று சிவப்பில் அச்சிடப்பட்டிருந்தால் அது இச்சட்டத்தின் கீழ் வரும் மருந்து. ‘எக்ஸ்ஆர்எக்ஸ்’ என்றிருந்தால் அது மேலும் கடுமையான கட்டுப்பாட்டிலுள்ள ‘எக்ஸ்’ அட்டவணை மருந்து. மருந்துக் கடை அதற்கு இரு படிகள் கொண்ட சீட்டைக் கேட்கும், ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஆகவே அதற்கு மீதமுள்ள ஒரு படியே உங்களுக்கு ஆதாரம் என்பதை மறவாதீர்கள்.

மதுபானம், பான் மசாலா, பாங்கு போன்றவற்றிலோ நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனச் சட்டம் வைத்திருக்கிறது. ஓரூரில் கடையில் வெளிப்படையாக விற்பது அடுத்த ஊரில் குற்றமாகலாம்.

மார்ஃபின்: அச்சமும் உண்மையும்

முற்றிய புற்றுநோயின் வலிக்கு மார்ஃபின் இன்றியமையாத மருந்து. அபினிலிருந்து பெறப்படும் இம்மருந்தின் மூலப்பொருள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமத்துடன் பயிராகிறது. நீமச்சிலும் காசிப்பூரிலும் உள்ள அரசு ஆலைகளில் பதப்படுத்தப்படுகிறது. இவ்வளவு அபின் விளையும் நாட்டில், 1985ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் மருத்துவத்திற்கான மார்ஃபின் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி உரிமங்களை வலியுறுத்தியமையால், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு மருந்து செல்வதற்கே பல அலுவலகங்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. நோய்த்தணிப்பு மருத்துவத்தில் ஈடுபட்டோர் பல்லாண்டுகள் முயன்றதன் பயனாக 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் ‘இன்றியமையாப் போதை மருந்துகள்’ என அறிவிக்கப்பட்டு, நாடு முழுவதற்கும் ஒரே விதி 2015இல் வகுக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இவற்றை நோயாளிக்கு நேரடியாக வழங்கலாம். மருந்துச்சீட்டின்படி தமக்கென வழங்கப்பட்ட அளவை நோயாளி தம்மிடம் வைத்துக்கொள்வது சட்டத்திற்கு உட்பட்டதே.

இதை இவ்வளவு விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், பெருங்குடல் புற்று முற்றிய நிலையிலிருந்த ஒரு முதியவரை அவர்தம் விருப்பப்படி கிழக்கு மாநிலம் ஒன்றிலுள்ள சொந்த ஊருக்கு அழைத்துச் சென்றனர். நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை மார்ஃபின் மாத்திரை உட்கொண்டு, வலியின்றி உறங்கத் தொடங்கியிருந்தார் அவர். ரயிலில் உடன் பயணித்த ஒருவர் மாத்திரையின் பெயரைப் பார்த்து, “இது போதைப்பொருள், எல்லையில் பிடித்தால் பத்தாண்டுச் சிறை” என்று மகனிடம் கூறியிருக்கிறார். எங்கள் கடிதம் பெட்டியின் அடியில், பழைய ஸ்கேன் படங்களுக்கு இடையே இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் மகனுக்குத் தெரியாது. அன்றிரவே அட்டைகள் அனைத்தையும் அவர் சன்னல் வழியே எறிந்துவிட்டார்.

மறுநாள் காலை முதியவருக்கு வலி திரும்பியது. வாரக்கணக்கில் உட்கொண்ட மார்ஃபினைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, தாங்கவொண்ணாப் பதற்றம் ஆகியவையும் உடன் வரும்; வந்தன. ஊரை அடைந்தபோது அருகிலிருந்த மருத்துவமனையில் மார்ஃபின் இல்லை. மகன் எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். மார்ஃபின் வழங்கும் மையம் ஒன்று அவ்வூரிலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது. அங்கு மருந்து பெற்று வலி அடங்குவதற்கு இரண்டு இரவுகள் கடந்தன. அதன்பின் அவர் வாழ்ந்தது மூன்று வாரங்கள் மட்டுமே. மூன்று வாரங்களில் இரண்டு இரவுகள் என்பது சிறிய பங்கன்று.

அம்மகன் மீது எவ்வகைக் குறையும் கூற இயலாது. தந்தையைச் சிறைக்கு அனுப்பிவிடக் கூடாது என்ற அன்பினாலேயே அவர் அவ்வாறு செய்தார். அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் கைக்கெட்டும் இடத்தில் ஒரு தாளும், அத்தாளில் உள்ளது என்ன என்ற தெளிவும்தான்.

ஆகவே மார்ஃபின், ஃபென்டனில் ஒட்டுப்பட்டை ஆகியவற்றைப் பயன்படுத்துவோர் ஊருக்குப் புறப்படுமுன் மூன்றைச் செய்ய வேண்டுகிறோம். பயண நாள்களையும் சேர்த்துக் கணக்கிட்ட அளவு மருந்து கையில் உள்ளதா எனப் பாருங்கள். செல்லும் ஊரில் அல்லது அதன் அருகில் மார்ஃபின் வழங்கும் மையம் எது என்பதை எங்கள் துறையில் கேட்டு எழுதி வாங்குங்கள். வழியில் யார் என்ன கூறினாலும், எங்களை அழைத்துக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

தூக்க மாத்திரையும் வலிப்பு மருந்தும்: எண்ணிக்கையில் கவனம்

அல்பிரசோலம், டயசிபாம், லோரசிபாம், குளோனசிபாம், சோல்பிடெம், வலிப்பு நோய்க்கான ஃபினோபார்பிட்டோன் ஆகியவை மனமயக்கப் பொருட்கள் பட்டியலில் உள்ளன. பரவலாகப் பயன்படும் வலிநிவாரணியான டிரமடாலும் 2018இல் இப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. முன்பு தடையின்றிக் கிடைத்ததே என்று வியப்போர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

தனிமனிதர் ஒருவர் மருத்துவத் தேவைக்காக இவற்றை ஒரு நேரத்தில் 100 அலகுகள் வரை, அதாவது மாத்திரையாயின் 100 மாத்திரைகள் வரை, வைத்திருக்க விதி இடமளிக்கிறது. நீண்டகாலப் பயன்பாட்டிற்கெனப் பதிவுபெற்ற மருத்துவர் குறிப்பாக எழுதிக் கொடுத்திருந்தால் 300 வரை வைத்திருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வலிப்பு நோயுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு இரண்டு ஃபினோபார்பிட்டோன் மாத்திரைகள். தொலைவிலிருந்து வருவதால் மூன்று மாதத்திற்கும் சேர்த்து மருந்து வாங்குகிறீர்கள். 90 நாள்களுக்கு 180 மாத்திரைகள். இது 100ஐக் கடந்துவிட்டது, 300க்கு உட்பட்டது. எனவே சீட்டில் “நீண்டகாலப் பயன்பாட்டிற்கு, 90 நாள்களுக்கு, மொத்தம் 180” என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வெறுமனே “தொடர்க” என்று எழுதிய சீட்டு போதாது. புறநோயாளர் பிரிவில் மருத்துவர் எவ்வளவு விரைவில் இருந்தாலும், இவ்வொரு வரியைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். அதனைக் கேட்பது உங்கள் உரிமை.

இம்மருந்துகளை எல்லைக்கு அஞ்சி விட்டுச் செல்வதும் பேராபத்து. குளோனசிபாம், ஃபினோபார்பிட்டோன் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால், பல மாதங்களாக அடங்கியிருந்த வலிப்பு தொடர்ச்சியாக வரக்கூடும். ஓடும் ரயிலில் அதற்கு உடனடிச் சிகிச்சை கிடைப்பது அரிது.

பிறருக்காக வாங்கிச் செல்ல வேண்டாம்

“ஊரில் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் இதே நோய்தான், அவருக்கும் நான்கு அட்டை வாங்கிக்கொள்கிறோம்” என்று கூறுவோர் உண்டு. நல்ல மனத்துடன் செய்வதேயாயினும், கட்டுப்பாடுள்ள மருந்துகளில் இது சட்டச் சிக்கலுக்கே வழிவகுக்கும். உங்கள் பையில் உள்ள மாத்திரைக்கு உங்கள் பெயரிலேயே சீட்டு இருத்தல் வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து இதற்குத் தக்க சான்று. சீட்டுடன் ஒரு புட்டி நோயாளியின் மருந்து. சீட்டின்றிப் பத்துப் புட்டிகள் இருப்பின் சோதனையிடுவோர் அதனைக் கடத்தலாகவே கருதுவர். முன்பின் அறியாதவர் நிலையத்தில் கொடுத்து, “ஊரில் எங்கள் ஆள் வந்து வாங்கிக்கொள்வார்” என்று கூறும் மருந்துப் பொதியை எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள்.

ரயிலில்: ஆக்சிஜனும் அடுப்பும்

நுரையீரல் நோயாளர் பலர் வீட்டிலும் ஆக்சிஜன் பெறுகின்றனர். ரயிலில் எரிவாயு உருளைகளுக்குத் தடை இருப்பதால் ஆக்சிஜன் சிலிண்டருக்கும் தடை என்று எண்ணிப் பயணத்தையே கைவிடுவோர் உள்ளனர். மருத்துவச் சான்றுடன் நோயாளியோடு வரும் ஆக்சிஜன் சிலிண்டரையும் அதன் தாங்கியையும் ரயில்வே அனுமதிக்கிறது. சான்றிதழைப் பயணச்சீட்டுடன் இணைத்து வைத்து, பரிசோதகர் வந்தவுடன் நீங்களே காட்டிவிடுவது நன்று. ஐயங்களுக்கு ரயில்வேயின் 139 என்ற எண்ணை முன்னரே அழைக்கலாம்.

கொண்டு செல்லும் ஆக்சிஜன் எவ்வளவு நேரம் வரும் என்பதைக் கணக்கிடுதல் இன்றியமையாதது. வழக்கில் உள்ள ‘பி’ வகைச் சிலிண்டர் முழுமையாக நிரம்பியிருப்பின் ஏறத்தாழ 1,500 லிட்டர் வாயு கொள்ளும். நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் தேவைப்படுவோருக்கு அது 750 நிமிடங்கள், அதாவது பன்னிரண்டரை மணி நேரம் வரும். ரயில் காலதாமதமாகலாம், ஆகவே பயண நேரத்தைப் போல் ஒன்றரை மடங்கிற்குக் கணக்கிடுக. எட்டு மணி நேரப் பயணத்திற்கு ஒரு சிலிண்டர் போதுமானது. இருபது மணி நேரப் பயணத்திற்குப் போதாது. நீண்ட பயணமாயின் எங்களிடம் முன்னரே கூறுங்கள். வேறு ஏற்பாடு குறித்துக் கலந்து பேசலாம். சிலிண்டர் உள்ள இடத்தின் அருகே புகைபிடித்தல், தீக்குச்சி உரசுதல், கற்பூரம் ஏற்றுதல் ஆகியவை கூடா. அதன் திறப்பானில் எண்ணெய்ப் பசை படியவும் கூடாது.

இனி அடுப்பைப் பற்றி. நீண்டகாலச் சிகிச்சைக்கு வரும் குடும்பத்தினர் விடுதியில் தாமே சமைத்துக்கொள்ள எண்ணி, சிறு எரிவாயு உருளை, மண்ணெண்ணெய் அடுப்பு ஆகியவற்றை மூட்டையில் வைத்து ரயிலில் கொண்டுவருகின்றனர். நோயாளிக்கு வீட்டு உணவு தர வேண்டும் என்ற அக்கறையும் செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடியும் எங்களுக்குப் புரிகின்றன. ஆயினும் இது ரயில்வே சட்டம், 1989இன் கீழ் குற்றம். மூன்றாண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தண்டனையைவிடப் பெரிது உயிர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், லக்னோவிலிருந்து வந்த பயணிகள் விதிக்கு மாறாகக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி 9 பேர் உயிரிழந்தனர். அடுப்பும் உருளையும் தங்குமிடம் சேர்ந்தபின் ஏற்பாடு செய்துகொள்ளக் கூடியவை. சமையல் வசதியுள்ள தங்கும் விடுதிகள் குறித்து நம் சமூகப்பணிப் பிரிவில் கேட்டறியலாம்.

விமானத்தில்: எது கையில், எது பெட்டியில்

மருந்துகள் அனைத்தும் கைப்பையில் இருக்கட்டும். ஒப்படைத்த பெட்டி வேறு ஊருக்குச் சென்றுவிட்டால் உடைக்கு மாற்று உண்டு. மருந்துக்கு உடனடி மாற்று இல்லை. இன்சுலின் சரக்குப் பகுதியின் குளிரில் உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் உருகியபின் தெளிவாகத் தோன்றினாலும் பயன்படாது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் வைக்க, குளிர்ப்பொதிக்கும் புட்டிக்கும் இடையே ஒரு துணியைச் சுற்றுங்கள். ஊசிகளையும் இன்சுலின் பேனாவையும் மருந்துச்சீட்டுடன் ஒரே உறையில் வைத்தால் சோதனை எளிதாகும். வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் உள்ள திரவங்களுக்கு 100 மில்லி என்னும் வரம்பு உண்டு. மருத்துவச் சான்றுள்ள திரவ மருந்துகளுக்கு விலக்கு அளிக்கப்படுகிறது.

சொந்த ஆக்சிஜன் சிலிண்டரை விமானத்தில் கொண்டு செல்ல விமான நிறுவனங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. கையடக்க ஆக்சிஜன் செறிவூட்டி ஆயின் அனுமதி பெறலாம். அதற்கு மருத்துவர் நிரப்ப வேண்டிய படிவம் உண்டு. பெரும்பாலும் 48 மணி நேரம் முன்னரே நிறுவனத்திற்கு அனுப்ப வேண்டும். கருவிகளின் உதிரி லித்தியம் மின்கலங்களும் பவர் பேங்குகளும் கைப்பையில் மட்டுமே செல்லலாம். ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-அவர் வரையுள்ளவை தடையின்றிச் செல்லும்; அதற்கு மேல் 160 வரையுள்ளவற்றுக்கு நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. பாதரச வெப்பமானி ஒன்றைப் பாதுகாப்பான உறையிலிட்டு ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கலாம், கைப்பையில் வேண்டா.

கண்ணுக்குத் தெரியாத பொருளையும் சிலர் சுமந்து செல்கின்றனர். தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடின் பெற்றவர்கள் சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள், சில வேளை மூன்று மாதங்கள் வரைகூட, விமான நிலையக் கதிரியக்க உணரிகளை ஒலிக்கச் செய்யலாம். சிகிச்சை நாளும் அளவும் குறித்த அட்டையை உடன் வைத்திருங்கள். இதய முடுக்கி பொருத்தியவர்கள் அதற்குரிய அட்டையைக் காட்டி, கையால் தடவிச் சோதிக்குமாறு கேட்கலாம்.

மருந்தல்லாத பொருள்கள்

உடன் வருவோரின் பையும் நோயாளியின் பயணத்தைத் தடுத்து நிறுத்தக்கூடும். ஆதலால் இவற்றையும் அறிந்திருத்தல் நலம்.

குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா ஆகியவற்றைத் தயாரித்தல், சேமித்தல், கொண்டு செல்லல், விற்றல் ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு 2013இல் தடை விதித்தது. பிற மாநிலத்திலிருந்து வரும் அன்பர்கள் இதனை அறிந்திரார். வாய்ப்புற்றுக்குச் சிகிச்சை பெற வருபவரின் உறவினர் பையிலேயே இப்பொதிகளை நாங்கள் கண்டதுண்டு. மின்சிகரெட்டுகளுக்கு 2019 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, போக்குவரத்து, சேமிப்பு அனைத்தும் அதில் அடங்கும்.

மதுவிலக்கு நடைமுறையில் உள்ள மாநிலங்கள் குஜராத், பீகார், நாகாலாந்து, மிசோரம் ஆகியவை. கயையில் பிதுர்க் கடன் ஆற்றச் செல்வோர், அவ்வூர் பீகாரில் இருப்பதை நினைவில் கொள்க. புதுச்சேரியில் வாங்கிய புட்டியைத் தமிழ்நாட்டிற்குள் கொண்டுவருவதும் வழக்கிற்கு இடமளிப்பதே. காசி போன்ற வடநாட்டு நகரங்களில் உரிமம் பெற்ற கடைகளில் பாங்கு விற்பதுண்டு. அங்கு விற்கிறது என்பதால் பாங்கு கலந்த இனிப்பைப் பிரசாதம் போலக் கருதி ஊருக்குக் கொண்டுவர வேண்டா. இதய நோயாளிக்கும் மனநல மருந்து உட்கொள்வோருக்கும் அது உடலுக்கே கேடு. கஞ்சா எங்கும் குற்றமே.

ரொக்கப் பணமும் சில காலங்களில் கட்டுப்பாட்டிற்குரிய பொருளாகிறது. தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் உள்ளபோது, 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ஆவணமின்றிக் கொண்டு சென்றால் பறக்கும் படையினர் கைப்பற்றக் கூடும். நிலத்தை அடகு வைத்து அறுவைச் சிகிச்சைக்கென எடுத்துவரும் பணமும் அதிலிருந்து தப்பாது. மருத்துவமனை அளித்த செலவு மதிப்பீட்டுக் கடிதம், வங்கியில் பணம் எடுத்த சீட்டு, அடகுச் சீட்டு ஆகியவற்றைப் பணத்துடனேயே வைத்திருங்கள். இயன்றவரை வங்கி வழியே செலுத்துங்கள். கைப்பற்றப்பட்டால் இரசீது பெற்று, மாவட்ட அளவிலான குறைதீர் குழுவிடம் ஆவணங்களைக் காட்டித் திரும்பப் பெற வழியுண்டு.

கடல் கடந்து செல்வோருக்கு

அயல்நாடு செல்வோர் மேலும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். இந்தியாவில் எளிதாகக் கிடைக்கும் டிரமடால், கோடீன், அல்பிரசோலம், பிரிகாபலின் போன்றவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. அந்நாட்டின் சுகாதாரத் துறையிடம் இணையவழியே முன் அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூரிலும் கோடீன், டயசிபாம் போன்றவற்றுக்கு முன் அனுமதி விதிகள் உள்ளன. அம்மா அன்புடன் கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொதியிலுள்ள கசகசா, அமீரகம், சவுதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு முந்திரி அரைத்துக்கொள்ளலாம். கசகசாவை ஊரிலேயே விட்டுச் செல்லுங்கள்.

கைப்பையில் ஓர் உறை

மேற்கூறிய அனைத்திற்கும் தேவையான தாள்கள் ஓர் உறைக்குள் அடங்கிவிடும். அவை பின்வருமாறு:

1. மருத்துவர் கடிதம். நோயாளியின் பெயர், வயது, நோய், ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர், நாளொன்றுக்கு எத்தனை, மொத்தம் எத்தனை, பயணக் காலம், மருத்துவரின் பதிவெண், தொலைபேசி எண், கையொப்பம், முத்திரை, தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். பிற மாநிலத்தவர் படிக்க ஏதுவாக ஆங்கிலத்தில் எழுதித் தருவோம். அதன் பொருளைத் தமிழில் உங்களுக்குப் படித்துக் காட்டுவோம்.
2. மருந்துச்சீட்டின் மூலப்படி; அதன் நகல் வேறொரு பையில்.
3. மருந்து வாங்கிய இரசீது.
4. ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ எனப்படும் சிகிச்சைச் சுருக்கத்தின் நகல்.
5. நோயாளியின் அடையாள அட்டை.
6. பொருத்தப்பட்ட கருவிக்கான அட்டை, ஆக்சிஜன் சான்றிதழ் போன்றவை தேவைக்கேற்ப.

மாத்திரைகளை அவற்றின் மூல அட்டையிலேயே வைத்திருங்கள். காலை, மாலை எனப் பிரித்த சிறு டப்பாவில் ஒரு நாளுக்கானதை மட்டும் இடலாம். பெயரில்லாத தாள் பொட்டலத்தில் உள்ள வெள்ளை மாத்திரை எதுவென்று சோதனையிடுபவரால் மட்டுமன்று, அவசரத்தில் உங்களைக் காணும் புதிய மருத்துவராலும் அறிய இயலாது.

கடிதத்தைப் புறப்படும் நாள் காலையில் கேட்டால் காத்திருக்க நேரிடும். ஒரு வாரத்திற்கு முன்னரே பயண நாள், செல்லும் ஊர், செல்லும் வழி, ஊர்தி ஆகியவற்றை எங்களிடம் கூறுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுபவை. சென்ற ஆண்டு சென்றுவந்த நினைவை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு முறையும் விமான நிறுவனத்திடமோ ரயில்வேயிடமோ மீண்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சோதனையில் நிறுத்தப்பட்டால்

பதற வேண்டா. மருந்தை மறைக்கவும் வேண்டா. மறைத்த பொருளே ஐயத்தை வளர்க்கும். உறையை எடுத்துக் கடிதத்தைக் காட்டி, அதிலுள்ள எண்ணை அழைத்துக் கேட்குமாறு பணிவுடன் கூறுங்கள். எங்கள் துறையின் எண்ணில் இரவிலும் பணி மருத்துவர் ஒருவர் பதிலளிப்பார். மொழி அறியாத இடமாயின் கடிதமே உங்களுக்காகப் பேசும். அதிகாரி மருந்தைக் கைப்பற்றினால், எது எவ்வளவு கைப்பற்றப்பட்டது என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்டு உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள். அடுத்த வேளை மருந்திற்கு அருகில் வழி உண்டா என்று பார்ப்பதே அப்போது எங்கள் முதல் பணியாகும்.

வலியும் நோயும் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பவை அல்ல. அவற்றுக்கான மருந்தும் தடையின்றி உடன் வருவதற்கு நாட்டின் சட்டம் இடமளித்திருக்கிறது. அவ்விடத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சில தாள்களும் சிறிது முன்னேற்பாடுமே தேவை. அடுத்த முறை புறநோயாளர் பிரிவிற்கு வரும்போது, உணவையும் குளியலையும் பற்றிக் கேட்டபின், “நாங்கள் ஊருக்குச் செல்கிறோம், கடிதம் வேண்டும்” என்ற ஒரு சொற்றொடரையும் சேர்த்துக் கூறுங்கள். அதனை எழுதித் தருவது எங்கள் கடமை.